வெள்ளுடை வேந்தரும் ஓட்டுக் கணக்கும்

மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கியிருப்பீர்கள். ரங்கநாதன் தெரு நெரிசலில் தோளோடு தோள் இடித்து நடந்து, உஸ்மான் சாலைக்கு வந்து மூச்சு விட்டிருப்பீர்கள். தீபாவளிக்குச் சேலை, பொங்கலுக்கு வேட்டி, மகள் திருமணத்துக்குப் பாத்திரம் பண்டம் எல்லாம் அங்கேதான். டி. நகர் என்கிறோம். அந்த டி என்ற ஓரெழுத்துக்குள் ஒரு மனிதர் ஒளிந்திருக்கிறாரே, அவர் யார் என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

மாம்பலத்து ஏரி நிலத்தில் 1920-களில் எழுந்த குடியிருப்பு அது. அதற்குத் தியாகராய நகர் என்று பெயரிட்டார்கள். பனகல் பூங்கா, நடேசன் பூங்கா, டாக்டர் நாயர் சாலை, உஸ்மான் சாலை, சவுந்தரபாண்டியனார் பெயர் சுருங்கிப் போன பாண்டி பஜார்! தெருப் பலகைகளை வரிசையாகப் படித்தாலே நீதிக் கட்சியின் வரலாறு பாதி தெரிந்துவிடும். அந்த வரிசைக்குத் தலைமை தாங்கும் பெயர் சர் பிட்டி தியாகராயர்.

வெள்ளை வேட்டி, வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை. இந்த உடையை எந்தத் துரைக்காகவும் மாற்றிக்கொள்ளாதவர். அதனால் வெள்ளுடை வேந்தர் என்று நாடு அவரை அழைத்தது. அவருடைய உடையை நாம் நினைவில் வைத்திருக்கிறோம், உள்ளத்தை வைத்திருக்கிறோமா? அவர் வாழ்நாளின் பிற்பகுதி முழுவதும் போராடியது ஒரு கணக்கோடு. பெரும்பான்மையாய் இருக்கும் மக்கள், ஓட்டு எண்ணி முடிந்ததும் சிறுபான்மையாகிப் போகிறார்களே, அது எப்படி என்ற கணக்கு. தொழிலாளத் தோழர்கள் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டிய கணக்கு அது.

1852-ஆம் ஆண்டு நெசவுத் தொழிலையே வாழ்வாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார். அந்த நாளில் பட்டம் பெற்றவன் சர்க்கார் நாற்காலியைத் தேடி ஓடுவான். தியாகராயர் தறியைத் தேடி வந்தார். நெசவுச் சாலை நடத்தினார், வணிகம் செய்தார், தென்னிந்திய வர்த்தக சங்கம் 1909-இல் தோன்றியபோது அதன் முன்னணியில் நின்றார். 1882-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியில் உறுப்பினராக நுழைந்தவர், ஏறத்தாழ 40 ஆண்டுகள் அந்த மன்றத்தை விட்டு அகலவில்லை. குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு என்று ஏழை வாழும் தெருவின் தொல்லைகளைத் தன் தொல்லைகளாக எண்ணிப் பேசினார்.

அவர் பிறவியிலேயே போர்க்கோலம் பூண்டவரல்லர். தொடக்க நாட்களில் காங்கிரசிலும் பங்கு கொண்டவர்தான். கோயில் திருப்பணிக்கு அள்ளிக் கொடுத்த பக்திமான். மயிலைக் கபாலீசுவரர் கோயில் குடமுழுக்குக்குப் பெருந்தொகை தந்தும், மேடையில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது என்று இயக்க மேடைகளில் பல்லாண்டுகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. கொடுப்பதற்குக் கை வேண்டும், அமர்வதற்குக் குலம் வேண்டும் என்ற நீதி அவர் நெஞ்சில் தைத்திருக்கும் என்பதில் என்ன ஐயம்?

ஆனால், நெஞ்சில் தைத்த முள் கட்சியாக முளைத்தது கோயிலில் அல்ல, ஓட்டுப் பெட்டியில்!

1916-ஆம் ஆண்டு டில்லி சட்டசபைக்குத் தேர்தல் நடந்தது. டாக்டர் டி.எம். நாயர் நின்றார். சீனிவாச சாஸ்திரியாரிடம் தோற்றார். பனகல் அரசர் என்று பின்னாளில் புகழ் பெற்ற ராமராயநிங்கரும் தோற்றார். அதே ஆண்டில் வேறொரு தேர்தலில் தியாகராயரும் தோற்றார். டில்லிக்கு ஆள் அனுப்ப ஓட்டுப் போட்டது ஊர் மக்களா? இல்லை. மாகாண சட்டசபையில் இருந்த அலுவலரல்லாத உறுப்பினர்கள், அதாவது விரல்விட்டு எண்ணிவிடக் கூடிய சிலர். அவர்களில் பாதிக்கு மேல் யார் பக்கமோ, அவர்கள் பக்கம் நான்கு கோடி மக்கள்! கல்வியும் வக்கீல் தொழிலும் பத்திரிகையும் கைவரப் பெற்ற மயிலாப்பூர் வட்டாரம் அந்தச் சிலரிடையே செல்வாக்காய் இருந்தது. ஒரு சிலரை வென்றால் ஊரையே வென்றதாகக் கணக்கு எழுதப்பட்டது.

நாயரும் தியாகராயரும் அதற்கு முன்பு நண்பர்களா? அதுவும் இல்லை. மாநகராட்சி மன்றத்தில் எதிரும் புதிருமாக நின்றவர்கள். இருவரையும் இணைத்த பெருமை டாக்டர் நடேசனாருக்கு உரியது. வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்கத் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் நடத்தியவர் அவர். பிரிந்து நின்றால் இருவருக்கும் தோல்வி என்ற பாடத்தை 1916-ஆம் ஆண்டு எல்லோருக்கும் கற்பித்துவிட்டது. அந்த ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள், வேப்பேரியில் வழக்கறிஞர் எத்திராஜுலு முதலியார் இல்லத்தில் சுமார் 30 பேர் கூடினார்கள். தென்னிந்திய நல உரிமைச் சங்கம் பிறந்தது. அதைத்தான் நீதிக் கட்சி என்கிறோம்.

அடுத்த மாதமே தியாகராயர் பெயரால் பார்ப்பனரல்லாதார் அறிக்கை வெளிவந்தது. அந்த அறிக்கையில் வசை இல்லை, எண்கள் இருந்தன. மாகாணத்தின் மக்கள் தொகை சுமார் 4 கோடியே 15 லட்சம். அதில் 4 கோடிக்குக் குறையாதவர்கள் பார்ப்பனரல்லாதார். நூறு பேருக்கு 96 பேர்! ஆனால் பட்டதாரிப் பட்டியலில், நீதிமன்றத்தில், சர்க்கார் அலுவலகத்தில், சட்டசபையில் அந்த 96 எங்கே? இதுதான் கேள்வி.

இங்கே ஒரு தோழர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: நூற்றுக்கு 96 பேர் இருக்கும்போது எல்லோருக்கும் ஓட்டுக் கொடுத்துவிட்டால் தீர்ந்ததே, தனி ஏற்பாடு எதற்கு என்று. நல்ல கேள்வி. முதலாவது, எல்லோருக்கும் ஓட்டு இல்லை. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிலமும் வரியும் உள்ளவர்களுக்கே ஓட்டு. 1920-இல் சென்னை மாகாணத்தின் வாக்காளர் சுமார் 12 லட்சத்து 48 ஆயிரம் பேர். மக்கள் தொகையில் நூற்றுக்கு 3 பேர்! உழுகிறவனும் நெய்கிறவனும் ஆலையில் உழைப்பவனும் அந்த மூன்றில் இல்லை.

இரண்டாவது, ஓட்டு இருந்தாலும் அதை எண்ணும் முறை ஏய்த்துவிடும். இதை ஒரு சிறு கணக்கால் பார்ப்போம். காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தொகுதி. வாக்காளர் 1,000 பேர். நான்கு இடங்கள். ஒவ்வொருவருக்கும் நான்கு ஓட்டு. ஒரு வேட்பாளருக்கு ஓர் ஓட்டுதான் போடலாம். பல உறுப்பினர் தொகுதியில் அன்று இதுதான் முறை. 350 பேர் கட்டுப்பாடாக ஒரே அணியாய் நின்று தங்கள் நான்கு வேட்பாளருக்கும் போடுகிறார்கள். ஆளுக்கு 350 ஓட்டு விழுகிறது. மீதி 650 பேர் பெரும்பான்மைதான். ஆனால் சாதியாலும் மொழியாலும் தலைவர் மனக்கசப்பாலும் 300, 200, 150 என்று மூன்று கூறாகப் பிரிந்து, ஒவ்வொரு கூறும் நான்கு பேரை நிறுத்துகிறது. அவர்களில் மிகுதியாகப் பெற்றவருக்கே 300-தான். முடிவு என்ன? நான்கு இடமும் 350-க்கே! 650 பேருக்குப் பூஜ்யம்!

மோசடி இல்லை. கள்ள ஓட்டு இல்லை. பெட்டியை யாரும் உடைக்கவில்லை. கூட்டல் கழித்தலில் பிழையே இல்லை. ஆனாலும் பெரும்பான்மை வெளியே நிற்கிறது. முறையே வஞ்சகன்!

இதைத் தியாகராயர் வணிகரின் கண்ணால் பார்த்தார். தராசு சரியாக இருக்கலாம்; படிக்கல் பொய்யாக இருந்தால் நிறுவை நியாயமாகுமா? முஸ்லிம்களுக்கு 1909 முதல் தனித்தொகுதி இருந்தது போலப் பார்ப்பனரல்லாதாருக்கும் வேண்டும் என்று அவரும் தோழர்களும் கேட்டார்கள். வாக்குரிமை பற்றி ஆராய வந்த சவுத்பரோ கமிட்டியில் சீனிவாச சாஸ்திரியார் உறுப்பினராக அமர்ந்திருந்ததால், நாயரும் தியாகராயரும் அதன் முன் செல்ல மறுத்தார்கள். நோயுற்ற உடலோடு இலண்டன் சென்று வாதாடிய நாயர், 1919 ஜூலையில் அங்கேயே கண் மூடினார். பாரம் முழுவதும் தியாகராயர் தோளில் விழுந்தது. அப்போது அவருக்கு வயது 67.

கேட்டது தனித்தொகுதி. கிடைத்தது ஒதுக்கீடு. எத்தனை இடம் என்பதில் இரு தரப்பும் ஒத்துவராததால், 1920 மார்ச்சில் மெஸ்டன் பிரபு நடுவராக இருந்து தீர்ப்புச் சொன்னார். 65 பொது இடங்களில் 28 இடம் பார்ப்பனரல்லாதாருக்கு. நூற்றுக்கு 96 பேர் உள்ள மக்களுக்கு நூற்றுக்கு 43 இடம்! தியாகராயர் மனம் குமுறியதில் வியப்பென்ன?

இந்த ஒதுக்கீடு எப்படி வேலை செய்யும்? நம் சிறு கணக்குக்கே திரும்புவோம். நான்கில் இரண்டு இடம் ஒதுக்கீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டு எண்ணி முதல் நால்வரை எடுக்கும்போது ஒதுக்கீட்டுக்கு உரியவர் இருவர் இல்லையென்றால், கீழே நிற்பவர்களில் அதிக ஓட்டுப் பெற்ற உரியவர் மேலே ஏற்றப்படுவார். அவருக்காக மேலே இருந்த ஒருவர் இறங்குவார். ஆக, 350-க்கு இரண்டு, 650-க்கு இரண்டு. முழு நீதி இல்லை. ஆனால் முழு அநீதியும் இல்லை. வெள்ளத்தில் போகிறவனுக்கு இது கரை அல்ல, கட்டை!

1920 நவம்பரில் தேர்தல் நடந்தது. 98 இடங்களில் 63 இடம் நீதிக் கட்சிக்கு! காங்கிரஸ் தேர்தலைப் புறக்கணித்திருந்தது என்ற உண்மையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஓட்டுப் போட வந்தவர்கள் நாலில் ஒரு பங்குதான் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 28 என்று வரம்பு கட்டியவர்கள் வாயடைத்தார்கள். பார்ப்பனரல்லாதார் அதைவிடப் பலர் வென்றுவிட்டார்களே, ஒதுக்கீடு எதற்கு என்று உடனே வேறு சிலர் கேட்கத் தொடங்கினார்கள். விடையும் நம் கணக்கிலேயே இருக்கிறது. 650 பேர் மூன்றாகப் பிரிந்தால் பூஜ்யம். ஒன்றாகச் சேர்ந்தால் நான்குக்கு நான்கு. தியாகராயரும் நாயரும் நடேசனாரும் நான்கே ஆண்டில் செய்த வேலை, பிரிந்த கூறுகளை ஒரு கட்சியாகக் கூட்டியதுதான். குடை பிடித்திருந்ததால் நனையவில்லை. நனையவில்லையே என்று குடையை எறிவதா?

வெற்றி பெற்ற கட்சியின் தலைவரை ஆளுநர் வில்லிங்டன் மந்திரிசபை அமைக்க அழைத்தார். தியாகராயர் மறுத்துவிட்டார்! கடலூர் சுப்பராயலு ரெட்டியாரை முதல் மந்திரியாக்கிவிட்டு, தாம் கட்சிப் பணியிலும் மாநகராட்சிப் பணியிலும் நின்றார். இன்று ஒரு வட்டப் பொறுப்புக்கு நடக்கும் போட்டியைப் பார்க்கிறவர்கள் இதைச் சற்று நின்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

மாநகராட்சியில் அவர் செய்தது என்ன? 1920 செப்டம்பரில், அவர் தலைமையில் இருந்த மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தரத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவு. பின்னாளில் காமராசர் காலத்திலும் எம்.ஜி.ஆர். காலத்திலும் மாநிலம் முழுதும் படர்ந்த மதிய உணவுக்கு முன்னோடி அந்த ஓரணாச் சோறு. சட்டசபையில் நீதிக் கட்சி ஆட்சியின்போது, 1921-இல், பெண்களுக்கு ஓட்டுரிமை தர இந்தியாவிலேயே முதலில் தீர்மானித்த மாகாணம் சென்னை. அந்த வழியில்தான் பின்னர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபைக்குள் நுழைந்தார். அடையாற்றில் அவர் வளர்த்த அவ்வை இல்லம் அறியாதார் யார்? 1921 செப்டம்பரில் முதல் வகுப்புவாரி ஆணை வந்தது. ஓட்டு எண்ணும் முறை சற்றே திருந்தியதால் விளைந்த பயிர்கள் இவை!

புகழ் மட்டுமே பாடினால் அது வரலாறு ஆகாது. சொல்ல வேண்டிய குறையும் உண்டு.

அந்தச் சட்டசபையில் ஆதிதிராவிடர் முதலான ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தேர்தல் இடம் இல்லை. ஐந்து நியமன இடங்கள்தான். பார்ப்பனரல்லாதாருக்கு 28 போதாது என்று வாதாடிய வாய், இவர்களுக்கு ஐந்து போதுமா என்று அதே உரத்த குரலில் கேட்டிருக்க வேண்டும். 1921-இல் பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் இரு பிரிவாயினர், புளியந்தோப்பு எரிந்தது. அப்போது தியாகராயர் உள்ளிட்ட நீதிக் கட்சித் தலைவர்கள் எடுத்த நிலை ஆதிதிராவிடத் தோழர்களின் நெஞ்சைப் புண்படுத்தியது. எம்.சி. ராஜா 1923-இல் கட்சியை விட்டு விலகினார். 650-ஐ ஒன்றாக்கப் பாடுபட்டவர் காலத்திலேயே அந்த 650-இல் ஒரு கூறு மனம் கசந்து பிரிந்தது. கணக்கு யாருக்கும் கருணை காட்டாது, தோழர்களே!

1923 தேர்தலில் அது தெரிந்தது. 63 என்பது 44 ஆயிற்று. நவம்பரில் சி.ஆர். ரெட்டி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். ஆதரவு 44, எதிர்ப்பு 65. மந்திரிசபை பிழைத்தது. ஆனால், மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் மட்டுமா அந்த 65? நியமன உறுப்பினர்களும் அதிகாரிகளும் அதில் அடக்கம். 1916-இல் நமக்கு எதிராக இருந்த கோணல் தராசு, 1923-இல் நம் பக்கம் சாய்ந்தது. நம் பக்கம் சாய்வதால் கோணல் நேராகிவிடுமா? நேர்மையுள்ள தொண்டன் இந்தக் கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் நேரான தராசு உண்டா? ஓரளவுக்கு உண்டு. ஆங்கில நாட்டில் 19-ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹேர், ஹென்றி ட்ரூப் போன்றோர் இதற்கு மூளையைச் செலவழித்தார்கள். நம் 1,000 பேர் தொகுதியில் ஆளுக்கு நான்கு ஓட்டுக்குப் பதிலாக ஒரே ஓட்டு என்று வையுங்கள். 201 ஓட்டுப் பெற்றவர் தோற்கவே முடியாது. ஏன்? நான்கு பேர் ஆளுக்கு 201 பெற்றால் 804 ஆயிற்று, மீதி 196. ஐந்தாவது ஆள் 201 எடுக்க வழியே இல்லை. ஆக, 350 பேருக்கு ஓரிடம் உறுதி. 650 பேர் ஒன்றுபட்டால் மூன்று இடம் உறுதி. யாரும் யாரையும் முழுதாய் விழுங்க முடியாது. ஓட்டு வீணாகாதபடி இரண்டாம் விருப்பம், மூன்றாம் விருப்பம் என்று எண்ணிட்டுப் போடுவது அதன் அடுத்த படி.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. மாநிலங்களவைத் தேர்தல் வரும்போதெல்லாம் ஓர் இடத்துக்கு 34 எம்.எல்.ஏ. வேண்டும் என்று தேநீர்க் கடையில் பேசுகிறோமே, அது எங்கிருந்து வந்தது? 234 உறுப்பினர், ஆறு இடம். ஆறோடு ஒன்று கூட்டி ஏழால் வகுத்தால் 33-க்குச் சற்று மேல், ஆகவே 34. தியாகராயர் காலத்தில் கிடைக்காத தராசு அங்கே தொங்குகிறது.

நம் தொழிற்சங்கத்தில், கிளையில் என்ன நடக்கிறது? ஐந்து செயற்குழு இடம், ஆளுக்கு ஐந்து ஓட்டு, ஒரு பட்டியல் என்று போட்டால், 100 பேரில் 51 பேர் ஐந்தையும் அள்ளுவார்கள். 49 பேர் வெறுங்கையோடு வீடு போவார்கள். நாளை வேலைநிறுத்தம் என்றால் அந்த 49 பேர் மனம் வந்து நிற்பார்களா? எண்ணும் முறையில் நியாயம் இல்லாவிட்டால் ஒற்றுமையில் உரம் இருக்காது.

நாட்டளவிலும் இதே கேள்விதான். 1962-இல் நாடாளுமன்றத்தில் நமக்கு 41 இடம். 1961 கணக்கெடுப்பின்படி தொகுதி பிரித்ததும் 1967-இல் 39 ஆனது. 1976-இல் 42-ஆவது திருத்தம் மாநிலங்களுக்குரிய இடங்களை 1971 கணக்கெடுப்பின்படியே நிறுத்தியது. 2001-இல் 84-ஆவது திருத்தம், 2026-க்குப் பின் எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை அதை நீட்டியது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலத்துக்குத் தண்டனையா என்று நாம் கேட்பது, 1916-இல் தியாகராயர் கேட்ட கேள்வியின் தொடர்ச்சியே. தலையை எண்ணுவது எளிது. எந்த விதியால் எண்ணுவது என்பதில்தான் நீதி இருக்கிறது.

1925-இல் வெள்ளுடை வேந்தர் மறைந்தார். ஏரி நிலத்தில் எழுந்த நகரம் அவர் பெயரைத் தாங்கியது. நாம் அதை டி என்று சுருக்கிவிட்டோம். போகட்டும். அடுத்த முறை மாம்பலத்தில் இறங்கும்போது, உடன் வரும் மகனுக்கோ மகளுக்கோ அந்த ஓரெழுத்தின் பொருளைச் சொல்லுங்கள். மந்திரிப் பதவியை வேண்டாம் என்ற மனிதர் அவர் என்று சொல்லுங்கள். அதோடு அந்த 350, 650 கணக்கையும் போட்டுக் காட்டுங்கள்.

பிரிந்த 650-ஐவிடச் சேர்ந்த 350 பெரிது! அதை மறந்தவனுக்கு ஓட்டு இருந்தும் பயனில்லை!